எண்ணெய் காணும் சூடு

எந்த எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று மார்த்தாண்டத்தில் கேட்டால் ஒரு பதில் வரும், திருநெல்வேலியில் கேட்டால் வேறு பதில் வரும். களியக்காவிளையைத் தாண்டினால் தேங்காய் எண்ணெய்க்குப் பேரே மாறி வெளிச்செண்ணெய் ஆகிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே போனால் தாளிப்பில் அந்த வாசம் அடித்தாலே தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா என்று கேட்பவர்கள் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அடுக்களை மட்டும் இரண்டு பக்கத்து உறவையும் விடவில்லை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அது நல்ல வழக்கம்தான். எதை எதற்கு எடுக்கிறோம் என்பதில்தான் பிசகு நடக்கிறது.

ஓர் எண்ணெயைக் கையில் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு சூட்டைக் காணப் போகிறது, எவ்வளவு நேரம் காணப் போகிறது என்பதை. பேர், பிராண்டு, செக்கா ரீஃபைண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அவியலில் அடுப்பை அணைத்தபின் ஊற்றுகிற எண்ணெயும், ஏத்தங்காய் வத்தல் (நேந்திரங்காய் சிப்ஸ்) பொரிகிற எண்ணெயும், கேக்குக்குள் போகிற எண்ணெயும் காண்கிற சூடு ஒன்றல்ல. மூன்றுக்கும் ஒரே எண்ணெயை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மொத்தத்தில் பாதி அளவுக்கு லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற வகை. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதம் அளவுதான், மீதியில் நிறைவுறாத கொழுப்பு வகைகளான ஓலிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் கிட்டத்தட்டச் சரிபாதி. கடலை எண்ணெயில் நிறைவுற்றது 17 முதல் 20 சதவீதம், ஓலிக் பாதிக்குச் சற்றுக் குறைவு, லினோலியிக் 30 சொச்சம். கடையில் கிடைக்கிற வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் மட்டுமே 60 சதவீதத்தைத் தொடும்.

லினோலியிக் போன்ற நிறைவுறாத கொழுப்பில் ஆக்ஸிஜன் வந்து பற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. சூடும் நேரமும் கூடக்கூட அந்த இடங்களில் கொழுப்பின் கார்பன் சங்கிலி முறிந்து ஆல்டிஹைடுகள் என்னும் கெடுதலான பொருட்கள் உண்டாகின்றன. இன்னொரு பக்கம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகின்றன. வாணலியின் விளிம்பில் தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு அதுதான். நிறைவுற்ற கொழுப்பில் அப்படிப் பற்றிக்கொள்ள இடம் இல்லாததால் தேங்காய் எண்ணெய் நீண்ட நேரப் பொரிப்பைத் தாங்கி நிற்கும்.

சிக்கலும் இதே இடத்தில்தான். அடுப்பில் அசையாமல் நிற்கிற நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. இரத்தத்துக்கு இதமான நிறைவுறாத கொழுப்போ நீண்ட பொரிப்பில் உடைகிறது. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.-ஐயும் கூட்டும் என்பது சரிதான், ஆனால் அதைச் சொல்லி எல்.டி.எல். ஏறுவதை மூடி மறைக்கக் கூடாது. 'நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு' என்று சொல்லி விற்கப்படும் பெருமையும் அளவுக்கு மீறியது. உடம்பில் சேராமல் சீக்கிரம் எரியும் என்று ஆய்வுகளில் பேசப்படுவது பெரும்பாலும் 8, 10 கார்பன் கொண்ட அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்ந்தே 15 சதவீதத்துக்குள்தான். 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலத்தில் பெரும்பங்கு நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே உடம்புக்குள் போகிறது. 2017-இல் அமெரிக்க இதயச் சங்கம் தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. குமரிக்காரர்களிடம் போய் அப்படிச் சொல்வது நடக்கிற காரியம் அல்ல, முழுக்க விட வேண்டியதும் இல்லை என்பது என் கருத்து. அளவைத்தான் பார்க்க வேண்டும். அளவு பார்ப்பதற்கு எண்ணெய்ப் புட்டியை மட்டும் பார்த்தால் கணக்கு தவறும்.

துருவலில் இருக்கிற எண்ணெய்

பச்சைத் தேங்காய்த் துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் 200 முதல் 250 கிராம் வரும். நாலு பேர் உள்ள வீட்டில் காலைச் சட்னி, மதியம் அவியலோ தீயலோ (வறுத்த தேங்காய் அரைத்த குழம்பு), ஒரு மீன் குழம்பு என்று நாளுக்கு ஒரு முழுத் தேங்காய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 கிராம் கொழுப்பு அதிலேயே வந்துவிட்டது, அதில் 18 கிராம் நிறைவுற்றது. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்குள், அதாவது 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எண்ணெய்ப் புட்டியைத் திறக்கும் முன்னாலேயே முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் என்றால் இன்னொரு 12 கிராம்.

துருவலில் நார்ச்சத்து உண்டு, அதனால் அது வெறும் எண்ணெய்க்குச் சமம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் கணக்கில் வராமல் போகாது. தேங்காய் அரைத்த குழம்பு வைக்கிற நாளில் தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய் எடுக்காமல், கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு தேக்கரண்டி எடுப்பது இந்த மாவட்டத்துச் சாப்பாட்டுக்கு மிகப் பொருத்தமான மாற்றம். தேங்காய் இல்லாத ரசம், கீரை, பொரியல் நாட்களில் தேங்காய் எண்ணெய்க்கு இடம் இருக்கிறது.

மொத்த அளவுக்கு வருவோம். உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு நாளுக்கு 20 முதல் 25 கிராம் சமையல் எண்ணெய் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் தருகிற அளவு. ஆளுக்கு 25 கிராம் என்றால் நாலு பேருக்கு மாதம் 3 கிலோ, ஏறத்தாழ மூன்றேகால் லிட்டர். தேங்காய் அதிகம் புழங்கும் வீட்டில் இரண்டரை லிட்டரில் நிறுத்தலாம். அதை 1 லிட்டர் நல்லெண்ணெய், 1 லிட்டர் கடலை எண்ணெய், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் என்று பிரித்தால் மூன்றின் குணமும் கிடைக்கும். எல்.டி.எல். ஏற்கெனவே ஏறியிருப்பவர்கள் தேங்காய் எண்ணெயின் பங்கை மருத்துவரிடம் கேட்டு இன்னும் குறைக்க வேண்டும்.

எண்ணெயே இல்லாத சமையலும் சரியல்ல. முருங்கைக்கீரை, மத்தங்காய், கேரட் இவற்றில் உள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், வேளைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடும். தேங்காய் எண்ணெய் மட்டுமே புழங்குகிற வீட்டில் வேறொரு குறை வரும். உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத லினோலியிக் அமிலம் அதில் 2 சதவீத அளவுதான், ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். ஒமேகா-3க்குச் சாளை (மத்தி), அயலை மீன்கள் இருக்கின்றன. ஆனால் சாளையை எண்ணெயில் முறுகப் பொரித்தால் அந்தக் கொழுப்பு பொரிக்கிற எண்ணெய்க்குள் இறங்கி, எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும். குழம்பாக வைத்தால் மீனின் கொழுப்பு குழம்பிலேயே இருக்கும்.

பச்சையாக ஊற்றுவது

தேங்காய் எண்ணெயின் வாசம் லாக்டோன் எனப்படும் ஆவியாகிற பொருட்களிலிருந்து வருகிறது. சூடேறினால் அவை பறந்துவிடும். அவியல் வேகத் தொடங்கும்போதே இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு, கடைசியில் வாசம் போதவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவது பலர் செய்கிற தவறு. காயை உப்பு, மஞ்சளோடு அதன் ஈரத்திலேயே மூடி வேகவைத்து, அரைத்ததைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். நாலு பேருக்கான அவியலுக்கு ஒரு மேசைக்கரண்டி செக்குத் தேங்காய் எண்ணெய், கையால் கிழித்த கறிவேப்பிலை இரண்டு கொத்து. மேலே ஊற்றிக் கிளறாமல் ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். மூன்று கரண்டியில் கிடைக்காத வாசம் ஒன்றில் கிடைக்கும். ஆளுக்கு 4 கிராமுக்கும் குறைவான எண்ணெய். மரச்சீனிக் கிழங்கு மசித்ததற்கும் மீன் குழம்புக்கும் இதே முறை பொருந்தும்.

தீயலுக்கு எண்ணெய் ஊற்றித் தேங்காய் வறுப்பதும் வேண்டாத வேலை. துருவலைத் தடிமனான இரும்புச் சட்டியில் சிறு தீயில் எண்ணெய் இல்லாமல் வறுத்தால் முதல் பத்து நிமிடம் ஈரம் போகும், அப்புறம் நிறம் மாறத் தொடங்கும்போது தேங்காயின் சொந்த எண்ணெயே மினுங்கி வரும். ஒரே சீரான செம்பழுப்பு வந்ததும் மல்லி, வத்தல் மிளகாய்ப் பொடியைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி இறக்கி, தண்ணீர் விடாமல் அரையுங்கள். எண்ணெய் பிரிந்து கல்லில் பளபளக்கும் வரை அரைபட வேண்டும். இத்தனை எண்ணெய் உள்ளேயே இருக்கும்போது வெங்காயம் வதக்க ஒரு தேக்கரண்டிக்கு மேல் எதற்கு? தீயைக் கூட்டி அவசரப்பட்டால் துருவலின் நுனி கருகும், நடு வெளுத்திருக்கும். குழம்பு கசக்கும், அந்தக் கசப்பை மறைக்க மேலும் எண்ணெய் ஊற்றத் தோன்றும்.

நல்லெண்ணெய்க்கும் பச்சை உபயோகம்தான் முதல் இடம். இட்லிப் பொடி, ஊறுகாய், புளிச்சாதம். எள்ளில் செசமின், செசமோலின் என்று இரண்டு பொருட்கள் இருக்கின்றன. செசமோலின் சூட்டில் செசமாலாக மாறி எண்ணெயைச் சிக்கு வாடையிலிருந்து காக்கிறது. அதனால்தான் லினோலியிக் இவ்வளவு இருந்தும் நல்லெண்ணெய் மாதக் கணக்கில் நிற்கிறது, மிதமான வதக்கலையும் தாங்குகிறது. நீண்ட பொரிப்புக்கு அதை எடுக்க வேண்டாம்.

ஏத்தங்காய் வத்தல்

தேங்காய் எண்ணெய்க்கு உண்மையிலேயே உரிய வேலை இதுதான், அடிக்கடி செய்யாதவரை. செக்குத் தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டிப் புகைய ஆரம்பிக்கும். வத்தலுக்கு வேண்டிய சூடு 165 முதல் 170. இடைவெளி மிகக் குறைவு என்பதால் தீயை ஒரே சீராக வைப்பதுதான் முழு வித்தையும்.

நன்றாக முற்றிய, ஆனால் துளியும் பழுக்காத காய் வேண்டும். கொஞ்சம் பழுத்தாலும் உள்ளே சர்க்கரை ஏறி, மொறுமொறுப்பு வருவதற்குள் நிறம் கறுக்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலை உரித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் கறை கழிந்துவிடும். எடுத்துத் துணியால் ஈரம் ஒற்றுங்கள். 3 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் 1 லிட்டர் எண்ணெய், ஓர் ஈடுக்கு 250 கிராம் சீவல், 2 மில்லிமீட்டர் கனம், நேராக எண்ணெய்க்குள் சீவுங்கள். பச்சைக் காயில் பாதிக்கு மேல் தண்ணீர், அது முழுக்க ஆவியாக வெளியேற வேண்டும். 400 கிராமாகப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். சீவல் பொரிவதற்குப் பதில் எண்ணெயில் வேகும், தோல் பிடிக்காமல் எண்ணெய் குடிக்கும்.

இரண்டு நிமிடம் கழித்து ஒரு மேசைக்கரண்டி உப்புத் தண்ணீர் தெளிப்பது இங்கே வழக்கம். நுரை பொங்கி எழும், பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டியது அதற்காகத்தான். உப்பு உள்ளே வரை சேர்வது இந்த முறையில்தான், சந்தேகம் இல்லை. ஆனால் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் சேரும்போது கொழுப்பு உடைந்து தனிக் கொழுப்பு அமிலம் கூடும், எண்ணெய் புகைகிற சூடு இறங்கும். முதல் ஈட்டில் 175-இல் புகைந்தது ஆறாவது ஈட்டில் அதற்கு முன்பே புகைவது இதனால்தான். எண்ணெயை மறுபடி புழங்க நினைப்பவர்கள் உப்புத் தண்ணீரைத் தவிர்த்து, இறக்கியதும் சூட்டோடு நைஸாக அரைத்த உப்பைத் தூவிக் குலுக்குங்கள்.

காதை வைத்து இறக்க வேண்டிய பண்டம் இது. முதலில் சடசடவென்று இரைச்சல், பிறகு சலசலப்பு, கடைசியில் ஜல்லிக் கரண்டியால் தட்டினால் ஓடு போலக் கலகலக்கும், குமிழி ஏறத்தாழ நின்றிருக்கும். தண்ணீர் தீர்ந்ததற்கு அடையாளம் அது. அந்தக் கணத்துக்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் கருகல்தான். இறக்கியதும் கரண்டியிலேயே நன்றாக உதறி, அகன்ற தட்டில் பரப்புங்கள். பொரியும்போது உள்ளிருந்து வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடாது. வெளியே எடுத்து ஆறும்போது ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. முதல் அரை நிமிட உதறலில் போகிற எண்ணெய் அப்படியே மிச்சம்.

வெண்கல உருளியில் பொரிப்பதாக இருந்தால், வேலை முடிந்ததும் எண்ணெயை அதிலேயே ஆறவிட்டு வைக்காதீர்கள். வெண்கலத்தில் செம்பு இருக்கிறது, செம்பு எண்ணெய் கெடுவதை முடுக்கிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிகட்டி எஃகுப் பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்பதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. மெல்லிய துணியில் வடித்து, மூடிவைத்து, மூன்று நாளுக்குள் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் தீர்த்துவிடுங்கள். இன்னொரு முறை பொரிக்க வேண்டாம். புது எண்ணெயோடு கலக்கவே கூடாது, பழையதில் தொடங்கிய கெடுதல் புதியதையும் பிடித்துக்கொள்ளும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல், சிதைவுப் பொருட்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. கடைகளில் அதை அளக்கக் கருவி இருக்கிறது. வீட்டில் கண்ணும் மூக்கும்தான். உடையாமல் நிற்கிற நுரை, ஒழுகும்போது கனத்து இறங்குவது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் வருகிற புகை, தேங்காய் எண்ணெயில் ஒரு சோப்பு ருசி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். தொட்டியில் ஊற்றாமல் மரத்தூளிலோ பழைய காகிதத்திலோ உறிஞ்சவைத்துக் குப்பையில் சேருங்கள்.

கேக்குக்குள் எண்ணெய்

அடுமனை வேலையில் எல்லாரும் பயப்படுகிற விஷயம், ஓவனில் 180 டிகிரி வைக்கிறோமே, செக்கெண்ணெய் தாங்குமா என்பது. தாங்கும். ஓவனின் காற்றுதான் 180. மாவுக்குள் ஈரம் இருக்கிறவரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெந்து முடிந்த கேக்கின் நடுவில் 96 முதல் 98 டிகிரிதான் இருக்கும். எண்ணெய் காண்கிற சூடு சாம்பார் கொதிக்கிற சூட்டைவிடக் குறைவு. மேல்தோல் மட்டும் அதைவிட ஏறும். அதனால் பொரிக்க உதவாத நிறைவுறாத எண்ணெய்கள் கேக்குக்கு மிகவும் பொருந்தும்.

ஆனால் தட்டின் உட்புறம் தடவுகிற எண்ணெய் ஓவன் சூட்டை முழுசாக வாங்கும். சூரியகாந்தி எண்ணெய் தடவிய தட்டுகளில் தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசின் படிவது அதனால்தான். அங்கே தேங்காய் எண்ணெயோ நெய்யோ அரைத் தேக்கரண்டி தடவலாம், அல்லது காகிதம் போடலாம்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டு ஆரோக்கியமான கேக் என்று சொல்வது இப்போது பரவியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் வெண்ணெயில் 80 கிராம்தான் கொழுப்பு, நிறைவுற்றது 50 கிராம் அளவு. அதற்கு ஈடாக 80 கிராம் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் நிறைவுற்ற கொழுப்பு 70 கிராமுக்கு மேல். அதே 80 கிராம் கடலை எண்ணெய் என்றால் 15 கிராமை ஒட்டித்தான். கேக்குக்குக் கடலை எண்ணெய், வாசத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொள்வதுதான் சரி. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் போடும்போது, வெண்ணெயில் இருந்த தண்ணீருக்கு ஈடாக 100 கிராமுக்கு 15 மில்லி பாலோ தண்ணீரோ கூடுதலாகச் சேருங்கள். இல்லாவிட்டால் கேக் உதிரும்.

கருப்பட்டியும் ஏத்தன் பழமும் சேர்ந்த ஒரு கேக்கை இதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். 20-க்கு 10 சென்டிமீட்டர் ரொட்டித் தட்டு. கோதுமை மாவு 100 கிராம், மைதா 80 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, நுணுக்கிய கிராம்பு மூன்று. தோல் கறுத்த ஏத்தன் பழம் இரண்டு, மசித்தால் 250 கிராம் வர வேண்டும். கருப்பட்டி 130 கிராம், முட்டை இரண்டு, கடலை எண்ணெய் 50 மில்லி, செக்குத் தேங்காய் எண்ணெய் 20 மில்லி.

கருப்பட்டியை 40 மில்லி தண்ணீரில் உருக்கி வடிகட்டுங்கள், மண் இல்லாத கருப்பட்டி அபூர்வம். பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும், அதற்கு முன் ஊற்றினால் முட்டை வெந்து திரியும். முட்டை குளிர்பெட்டியிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், குளிர்ந்த முட்டை பட்டதும் மணிமணியாகக் கட்டி, வெந்தபின் அந்த இடங்களில் எண்ணெய்க் குழிகள் தெரியும். முட்டை, பாகு, எண்ணெய் மூன்றையும் இரண்டு நிமிடம் விடாமல் அடித்தால் எண்ணெய் பிரியாமல் கெட்டியான குழைவாகும். இந்த அடிப்புதான் முக்கியம். வெண்ணெயை அடித்தால் அது காற்றைப் பிடித்துக்கொள்ளும், திரவ எண்ணெய் பிடிக்காது, முட்டைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பழ மசியலைச் சேர்த்து, சலித்த மாவைப் போட்டு, வெள்ளை மறைகிற வரை மட்டும் புரட்டுங்கள். அதற்கு மேல் கிளறினால் பசைத்தன்மை ஏறி, கேக்கை வெட்டும்போது உள்ளே நீள நீளப் பொந்துகள் இருக்கும்.

முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 170 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் மணல் பரப்பி, ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, தட்டு மணலில் நேராகப் படாமல் ஒரு வளையத்தின் மேல் வைத்து, சிறு தீயில் 50 நிமிடத்துக்கு மேல் வைக்கலாம். அடி கருகி நடு வேகாமல் இருந்தால் தீ அதிகம். பழம் முழுக்கக் கனியாமல் இருந்தால் ஏத்தனின் மாவுத்தன்மை கட்டியாகத் தங்கிவிடும், ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து மசியுங்கள். பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 5 கிராம் சொச்சம் எண்ணெய். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த கேக் குளிர்பெட்டியில் கல்லாகும், கடலை எண்ணெய் கூடியது மெத்தென்று இருக்கும்.

நல்லெண்ணெய் கேக்குக்கு 20 மில்லிக்கு மேல் போனால் எள் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். ரொட்டிக்குக் கடலை எண்ணெய் அரைக் கிலோ மாவுக்கு 20 மில்லி, மாவு தண்ணீரோடு பிசைந்து ஒன்றுசேர்ந்தபின் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் மாவைச் சுற்றிப் படிந்து இழுவை வராமல் தடுக்கும். பிஸ்கட்டுக்குத் திரவ எண்ணெய் சரிவராது, தட்டில் பரந்துவிடும். அங்கே மட்டும் பாதி உறைந்த தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். பஃப்ஸ் மாதிரி அடுக்கு வரும் பண்டத்தை எந்த எண்ணெயிலும் முயல வேண்டாம், அடுக்குக்கு வளைந்துகொடுக்கிற கெட்டிக் கொழுப்பு வேண்டும், உறைந்த தேங்காய் எண்ணெய் நொறுங்கிவிடும். 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் வனஸ்பதி போன்ற கொழுப்புகளிலும் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் கடைப் பஃப்ஸ் எப்போதாவது ஒரு நாளைக்கு என்று இருக்கட்டும்.

செக்கில் கேட்க வேண்டியவை

மரச்செக்கு எண்ணெய்க்கும் ரீஃபைண்டுக்கும் கலோரியில் துளி வித்தியாசம் இல்லை, இரண்டும் கிராமுக்கு 9. செக்கெண்ணெயில் கூடுதலாக இருப்பது வாசம், வைட்டமின் ஈ, சில துணைச் சத்துகள். சுத்திகரிப்பில் நிறமும் வாடையும் போகிறபோது இவற்றிலும் ஒரு பங்கு போகிறது. ஆனால் சுத்திகரிப்பு பூஞ்சை நஞ்சையும் நீக்கும், செக்கு நீக்காது. நிலக்கடலையில் பூக்கிற மஞ்சள்-பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுப்பது. ஆகவே செக்கில் முதல் கேள்வி பருப்பைக் கையால் பொறுக்குகிறார்களா என்பதுதான். சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது எல்லாம் ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் கடலையை நீங்களே பொறுக்கிக் கொண்டுபோய் ஆட்டிவருவது இன்னும் நல்லது.

கொப்பரையை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று முறிந்தால் காய்ச்சல் போதும், ஈரம் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வளைந்தால் ஈரம் மிச்சம், அந்த எண்ணெய் ஒரு மாதத்தில் சோப்பு ருசி காட்டும். பளீரென்று வெளுத்து, தீக்குச்சி உரசின வாடை அடித்தால் கந்தகம் போட்டது.

விலையையும் கணக்குப் போடலாம். 100 கிலோ கொப்பரைக்கு 60 கிலோ சொச்சம் எண்ணெய் என்றால், ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கொப்பரை வேண்டும். கடலைப் பருப்பும் எள்ளும் லிட்டருக்கு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தாலும், அந்தச் சரக்கின் விலையைவிட எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதில் வேறு எண்ணெய் சேர்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயைச் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் முழுக்க உறைய வேண்டும். மேலே திரவமாக ஒரு அடுக்கு நின்றால் கலப்படம். பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதுவும் உறையும்.

ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் அசைக்காமல் தெளியவைத்து, அடியில் நிற்கும் கசடை விட்டு மேலாக வடிக்க வேண்டும். கசடில் ஈரமும் மாவும் இருக்கும், எண்ணெய் புளிப்பது அங்கிருந்துதான். தேங்காய் எண்ணெய்க்கு வெயில் பரவாயில்லை, கடலை எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கிற வேலை. எஃகுத் தூக்கு, பீங்கான் பரணி, நிறக் கண்ணாடி எதுவும் ஆகும். அடுப்புப் பக்கத்து மேடையில் மட்டும் வேண்டாம். ஈரக் கரண்டி விடாமல் வைத்தால் தேங்காய் எண்ணெய் ஆறு மாதமும், நல்லெண்ணெய் நாலைந்து மாதமும் தாங்கும். கடலை எண்ணெய் இரண்டு மூன்று மாதம்தான், சித்திரை வெயிலில் அதுகூட இல்லை. அந்த மாதங்களில் ஒரு லிட்டருக்கு மேல் ஆட்டி வாங்க வேண்டாம்.